கோவளம் கொட்டாரம்: ஒரே குன்றில் இரண்டு கட்டடங்கள், இரண்டுக்கும் ஒரே உப்புக்காற்று

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கோவளம் அரண்மனையைப் பற்றி மலையாளப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தால், அது எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டிக் குமரி மாவட்டத்து நம் பக்கம் வந்து சேர்வதற்குள் மூன்று விதமாகத் திரிந்துவிடுகிறது. ஓட்டலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்பார் ஒருவர். மகாராஜா கட்டிய ஓட்டலை இடிக்கப் போகிறார்கள் என்பார் இன்னொருவர். அது வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு. அங்கே இருப்பது ஒரு கட்டடமல்ல, இரண்டு. இரண்டுக்கும் இடையே சுமார் 40 ஆண்டு இடைவெளி. ஒன்று அரச குடும்பத்தின் ஓய்வு மாளிகை, மற்றது அரசு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கடற்கரை ஓட்டல். வழக்கும் பேச்சும் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியவை. படத்தில் அதிகம் வருவது இரண்டாவது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு செய்தி நின்றுவிடுகிறது. கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயம் வேறு: இரண்டும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு பொருளால் ஆனவை, இரண்டுக்கும் கேடு உப்புதான், ஆனால் ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதைக் கெடுக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையில் வெட்டுக்கல் வீடும் கான்கிரீட் மாடியும் ஒட்டி ஒட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

## எந்தக் கோவளம், எந்தக் கட்டடம்

முதலில் பெயர்க் குழப்பம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கோவளம். கன்னியாகுமரிக்குச் சற்று மேற்கே மீனவர் ஊர் ஒரு கோவளம். இங்கே பேசுவது மூன்றாவதை: திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளம். பாலராமபுரத்தில் பெருஞ்சாலையை விட்டு விழிஞ்ஞம் சாலையில் இறங்கினால் போய்ச் சேரும் ஊர்.

அங்கே கடலுக்குள் நீட்டிய ஒரு குன்று. அதன்மேல்:

1. ஹால்சியன் மாளிகை. 1932-ல் கட்டியது. உள்ளூரில் கோவளம் கொட்டாரம் என்பார்கள். கொட்டாரம் என்றால் அரண்மனை. குமரி மாவட்டத்தில் கொட்டாரம் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருப்பதால் நமக்கும் சொல் புதிதல்ல.
2. கடற்கரை ஓட்டல். 1969-க்கும் 1974-க்கும் இடையே சார்லஸ் கொரியாவின் வரைபடப்படி எழுந்தது. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐ.டி.டி.சி.யின் அசோக் ஓட்டல்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது.

கீழே முதலாவதைக் கொட்டாரம் என்றும், இரண்டாவதைக் கொரியா கட்டடம் என்றும் குறிப்பிடுகிறேன்.

## 1932: அரண்மனை அல்ல, குடும்ப வீடு

1924-ல் திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் மறைந்தபோது, பட்டத்துக்குரிய சித்திரைத் திருநாளுக்கு வயது 11. அவர் ஆட்சிப் பொறுப்பு ஏற்ற 1931 வரை, சேது லட்சுமி பாய் அவர் சார்பில் ரீஜென்ட் மகாராணியாக ஆண்டார். ஆட்சி கை மாறிய மறு ஆண்டு, அவருடைய கணவர் ராமவர்மா வலிய கோயில் தம்புரான் இந்தக் கடலோர மாளிகையைக் கட்டினார். பெண்வழியில் வாரிசுரிமை போகும் மருமக்கத்தாய முறைப்படி மகாராணியின் கணவர் அரசர் ஆவதில்லை. வலிய கோயில் தம்புரான் என்பது மூத்த ராணியின் கணவருக்கு உரிய பட்டம்.

ஹால்சியன் என்பது கிரேக்கக் கதையில் வரும் மீன்கொத்திப் பறவையின் பெயர். அது கடலில் கூடு கட்டும் நாட்களில் அலை அடங்கியிருக்கும் என்பது கதை. ஆங்கிலத்தில் அமைதியான நாட்களுக்கு அந்தச் சொல்லே அடையாளமாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது, இது ஆட்சி நடந்த அரண்மனை அல்ல, குடும்பத்தின் தனி வீடு என்பது. அதனால்தான் 1964-ல் கேரள அரசு இதை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. சமஸ்தானச் சொத்தாக இருந்திருந்தால், 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோதே அரசுக்கு வந்திருக்கும். பின்னால் வந்த வழக்கின் வேர் இந்த 1964-ஆம் ஆண்டு விற்பனையில்தான் இருக்கிறது.

## 1969–74: குன்றின் தோளில் ஓர் ஓட்டல்

சார்லஸ் கொரியா 1930-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். சபர்மதியில் காந்தி நினைவு அருங்காட்சியகம், போபாலில் மத்தியப் பிரதேசச் சட்டமன்றம், ஜெய்ப்பூரில் ஜவஹர் கலா கேந்திரா ஆகியவை அவர் கட்டியவை. நம் தட்பவெப்பத்தில் நல்ல அறை என்பது நான்கு சுவருக்குள் முடிவதில்லை, வானம் திறந்த ஒரு துண்டு இடமும் அதன் பாகம் என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்திருந்த கருத்து. நம் வீடுகளின் திண்ணையையும் முற்றத்தையும் நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னது உடனே விளங்கும்.

கோவளத்தில் அவருக்கு முன் இருந்த சிக்கல் இதுதான். குன்றின் உச்சியில் பத்து மாடி எழுப்பினால் எல்லா அறைக்கும் கடல் தெரியும். ஆனால் கடற்கரையில் நிற்பவனுக்குக் குன்று தெரியாது. மணலில் பரப்பிக் கட்டினால் கடற்கரையே போய்விடும். அவர் கட்டடத்தைக் குன்றின் சரிவுக்குள் செருகினார். அறைகள் படிப்படியாகச் சரிவில் இறங்குகின்றன. ஒவ்வோர் அறைக்கும் முன்னால் தனக்கென ஒரு திறந்த தளம். சுவர் வெள்ளைப் பூச்சு, கூரை இருக்குமிடத்தில் செவ்வோடு. இரண்டும் இந்தக் கரையின் பழைய வழக்கம்.

இந்த வடிவத்தால் கிடைத்த நன்மைகள் கண்ணுக்குத் தெரிபவை. இது கேட்கும் விலை பராமரிப்புக்காரருக்கு மட்டும் தெரிவது:

1. படி அமைப்பில் ஒருவர் வெயில் காயும் தளம் இன்னோர் இடத்தின் கூரை. ஓட்டுக்கூரை போல மழை வழிந்தோடாது. தட்டையான தளத்தில் நின்று, வடிகாலைத் தேடிப் போகும். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியிலும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்திலும் பெய்யும்.
2. பின்சுவர் மண்ணை அணைந்து நிற்கிறது. மழைக்காலத்தில் குன்று குடித்த நீர் அந்தச் சுவரைத் தள்ளும். சுவருக்குப் பின்னால் சரளைக் கல் அடுக்கும், நீர் வெளியேற அடியில் துளைகளும் இருந்தால் அழுத்தம் குறையும். துளையை மண் அடைத்தால் சுவரின் உட்பக்கம் ஈரம் பூக்கும். அறைக்குள் வண்ணம் உப்பியிருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிப்பது வீண் வேலை. நோய் சுவருக்குப் பின்னால் இருக்கிறது.
3. மேற்கு நோக்கிய கடல். பிற்பகல் வெயில் கிடையாக வந்து அறைக்குள் விழும். மேலே சன்ஷேடு நீட்டினால் மட்டும் போதாது. அறையின் முகத்தை உள்ளே தள்ளிப் பக்கச் சுவர் நிழல் கொடுக்க வேண்டும்.

## கை மாறிய வரிசை

மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உரிமை என்பது மூலப்பத்திரம் யார் பெயரில் நிற்கிறது என்பது. கைவசம் என்பது சாவி யாரிடம் என்பது. நடத்தும் பொறுப்பு என்பது வாசலில் யார் பெயர்ப்பலகை என்பது. மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இது நமக்குப் பழகிய விஷயம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மண் ஓரிடம், பொறுப்பு ஓரிடம்.

கோவளத்தில் நடந்தது:

1. 1932. தனியார் குடும்ப மாளிகை.
2. 1964. கேரள அரசு வாங்கியது. பிறகு சுற்றுலாவுக்காகக் கொட்டாரமும் சுற்றியுள்ள நிலமும் மத்திய அரசின் பக்கம் போய், ஐ.டி.டி.சி.யின் கைக்கு வந்தன. அதே வளாகத்தில்தான் கொரியா கட்டடம் எழுந்தது.
3. 2002. மத்திய அரசு பொதுத்துறை ஓட்டல்களை விற்றபோது கோவளம் அசோக் எம்-ஃபார் என்ற தனியார் குழுமத்துக்குப் போனது. வளாகத்தோடு கொட்டாரமும் போயிற்று.
4. 2005. லீலா குழுமம் வாங்கியது. அதே ஆண்டு கேரளச் சட்டமன்றம் கொட்டாரத்தை மீட்டு எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டம் இயற்றியது.
5. 2011. ஆர்.பி. குழுமம் வாங்கியது. லீலாவின் பெயர் பலகையில் தொடர்ந்தது. அதாவது உரிமை ஒருவரிடம், நடத்துவது இன்னொருவர். அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது.
6. 2016. உச்ச நீதிமன்றத்திலும் அரசுக்கு வெற்றி இல்லை.
7. 2017. கொட்டாரத்தின் கைவசத்தை ஓட்டல் உரிமையாளரிடம் கொடுக்கக் கேரள அமைச்சரவை முடிவு செய்தது. உரிமை யாருக்கு என்று உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமையை மட்டும் அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது.

ஏழாவதில்தான் செய்தி படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அரசு கொடுத்தது சாவியை. மூலப்பத்திரத்தின் மீதான வாதத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. இரு பக்க வாதமும் எளிது. சுற்றுலா நடத்தத்தான் கொடுத்தோம், விற்கக் கொடுக்கவில்லை என்கிறது மாநிலம். மத்திய அரசு முறைப்படி விற்றதை விலை கொடுத்து வாங்கினோம் என்கிறார்கள் வாங்கியவர்கள்.

என் கருத்தில், இழுபறியில் அதிகம் நட்டப்படுவது கட்டடமே. நாளை யார் கைக்குப் போகுமோ என்ற கட்டடத்தில் பத்தாண்டு தாங்கும் வேலையை யாரும் செய்வதில்லை. பெயின்ட் அடிப்பார்கள். கடலோரத்தில் பெயின்ட் மட்டும் அடிப்பது ஒன்றும் செய்யாமல் விடுவதைவிடச் சில நேரம் மோசம். ஏன் என்று கீழே.

## சுண்ணாம்புச் சுவர் ஏன் பொரிகிறது

1930-களில் இந்தக் கரையில் எழுந்த பெரிய வீடுகளுக்குப் பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே: வெட்டுக்கல் அல்லது செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு அல்லது ஆஞ்சிலி மரம், மங்களூர் ஓடு.

வெட்டுக்கல் பூமிக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டும் அளவுக்கு மென்மை. காற்றுப் பட்டால் இறுகும். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன்தான், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். கல் முழுக்கத் துளை. நீரைக் குடிக்கும், கக்கும். சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே. சுவருக்குள் போன ஈரம் பூச்சின் வழியாக வெளியேறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சுவர் நிற்கிறது.

இப்போது உப்பு. கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தில் கரைந்து சுவருக்குள் நுழைகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பரலாகும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நடப்பதும் இதுதான். பரல் உருவாகும்போது துளைக்குள் இடம் போதாமல் சுவரை நெருக்கும். ஒருமுறை நெருக்கினால் ஒன்றும் ஆகாது. நூறு முறை, ஆயிரம் முறை நெருக்கினால் கல்லே மாவாகும்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். தரையிலிருந்து முழங்கால் உயரம் முதல் இடுப்பு உயரம் வரை ஒரு பட்டை. வெள்ளை மயிர் போல உப்பு பூத்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் பூச்சு பொடியாக உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தப் பட்டைக்குக் கீழே சுவர் நனைந்திருக்கும், ஆனால் நன்றாக இருக்கும். மேலே உலர்ந்து நன்றாக இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வந்து உலரும் கோட்டில்தான் சேதம்.

இதற்குச் செய்யும் மூன்று தவறுகள்:

1. சிமென்ட் பூச்சு. பொரிந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு 1:4 சிமென்ட் பூசுவது. ஆறு மாதம் பளிச்சென்று இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்த பட்டை தோள் உயரத்துக்குப் போகும். உப்பு சிமென்ட்டுக்குப் பின்னால் சேரும். கடைசியில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது வெட்டுக்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.
2. பிளாஸ்டிக் பெயின்ட். அதே அடைப்பு, குறைந்த கனத்தில். மேலே சொன்ன "பெயின்ட் மட்டும்" இதுதான்.
3. ஏ.சி. பழைய மாளிகையை ஓட்டல் அறையாக்கும்போது யாரும் யோசிக்காதது. வெளியே 80–85 சதவீத ஈரம், உள்ளே ஏ.சி. அதை 55–60-க்கு இறக்குகிறது. விருந்தினர் வந்தால் ஓடும், போனால் நிற்கும். ஒவ்வொரு முறையும் சுவரின் உட்பக்க உப்பு 75-க்கு மேலும் கீழும் தாண்டுகிறது. இயற்கையில் பருவத்துக்குச் சில முறை நடப்பது, ஒரு வாரத்திலேயே பல முறை நடக்கிறது. அதனால்தான் பல பழைய கட்டடங்களில் கடலைப் பார்த்த வெளிச்சுவரைவிடக் குளிரூட்டிய அறையின் உட்சுவர் முதலில் பொரிகிறது. ஏ.சி.யை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் மிதமாக, சீராக ஓட்டுவது சுவருக்கு நல்லது.

சரியான வழி மெதுவானது. பொரிந்த பூச்சை அதன் எல்லைக்கு மேலே ஓர் அடி வரை எடுத்துவிட வேண்டும். எடுத்த பொடியைச் சுவரடியில் விடக்கூடாது. அதில் இருப்பது உப்பு, மழை பெய்தால் அதே சுவருக்குத் திரும்பும். நனைத்த காகிதக்கூழையோ களிமண்ணையோ சுவரில் அப்பி, காயவிட்டு உரித்தெடுத்தால் உப்பு அதோடு வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி குறைந்தது மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, சல்லடையில் வடித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய மணல் சேர்க்க வேண்டும். கடல் மணல் ஆகவே ஆகாது. முதல் பூச்சு 10–12 மி.மீ., அடுத்தது சற்று மெல்லியது, மேல்பூச்சு 2–3 மி.மீ. பூச்சுக்குப் பூச்சு ஏழு முதல் பத்து நாள் இடைவெளி. இடையில் சாக்கு தொங்கவிட்டு நனைத்து வைக்க வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். பங்குனி வெயிலில் பூசி விட்டுவிட்டுப் போனால் வெறும் பொடிதான் மிஞ்சும்.

இப்படிப் பூசியதும் பத்துப் பதினைந்து ஆண்டில் கீழ்ப்பகுதி மறுபடி பொரியலாம். அது தோல்வி அல்ல. சுவருக்குப் பதிலாகப் பூச்சு சாக வேண்டும் என்பதற்காகவே அதைப் பூசுகிறோம்.

ஓட்டுக்கூரையைப் பற்றிச் சுருக்கமாக. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து இந்த ஓடு கரை நெடுகப் பரவியது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு. சரிவு 30 பாகைக்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான பட்டியலின் இடைவெளியை டேப்பில் 32 செ.மீ. என்று வைக்காமல், வாங்கி வந்த ஓட்டை வைத்தே அளக்க வேண்டும். சூளைக்குச் சூளை அளவு மாறும். இறவாரத்து முதல் இரண்டு வரிசை ஓடுகளைச் செம்புக் கம்பியால் பட்டியலோடு கட்ட வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயலில் அடித்தது போன்ற காற்று கூரையைப் பிரிக்கத் தொடங்குவது இறவாரத்தில்தான்.

## கான்கிரீட் ஏன் வெடிக்கிறது

கொரியா கட்டடத்தின் காலத்துக் கான்கிரீட்டுக்கு நோய் வேறு. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. கடல் உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டால் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கம்பியின் போக்கிலேயே கான்கிரீட் நேர்கோடாக வெடிக்கும்.

எல்லாம் கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதில் நிற்கிறது. கொத்தனார் கவர் என்பார். 1970-களில் தளத்துக்கு அரை அங்குலம் கவர் விடுவது வழக்கம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456, கடலோரக் கட்டடத்துக்கு 45 மி.மீ. கவரும் எம் 30 என்ற வலிமைத் தரமும் கேட்கிறது. அலைத்தூவல் நேராக விழும் இடத்தில் 50 மி.மீ., எம் 35.

அந்த வித்தியாசம் சிறிதல்ல. உப்பு உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. கவரை இரட்டித்தால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. 15 மி.மீ. கவரில் பத்தாண்டில் கம்பியைத் தொடும் உப்புக்கு, அதே கான்கிரீட்டில் 45 மி.மீ. தாண்ட 90 ஆண்டு ஆகும். வீடு கட்டுபவர்கள் சிமென்ட் மூட்டைக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகிறார்கள். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டையைக் கேட்பதே இல்லை.

ஒட்டு வேலையில் நடக்கும் ஏமாற்றம் ஒன்று உண்டு. வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் புதிய சாந்து அடைத்தால், ஓரிரு ஆண்டில் ஒட்டைச் சுற்றி வளையமாகப் புதிய வெடிப்பு வரும். ஒட்டியவர் மேல் பழி விழும். காரணம் இது: துருப்பிடித்த இடம் பக்கத்துக் கம்பிக்குப் பலியாடாக இருந்து அதைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும், உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்பி பலியாகத் தொடங்குகிறது.

ஆகவே முறை இப்படி இருக்க வேண்டும்:

1. சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வரும் இடம் முழுவதும் குறிக்கவும். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிட அது பெரிது.
2. உடைத்த முகத்தில் காரத்தைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கவும். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது, நிறமில்லாவிட்டால் போய்விட்டது. ஆனால் இது உப்பைக் காட்டாது. சிவந்த கான்கிரீட்டுக்குள்ளும் கம்பி துருப்பிடிக்கும். உப்புக்குத் துளைத்தூள் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.
3. கம்பிக்குப் பின்னால் 25 மி.மீ. வரை குடையவும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் திறந்து பூசுவதால் பயனில்லை.
4. கம்பியை வெள்ளி போலத் தெரியும்வரை தேய்க்கவும். குறுக்குவெட்டில் கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும்.
5. ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளை இணைக்கவும். இனி பலியாவது துத்தநாகம்.
6. பாலிமர் கலந்த சாந்தால் அடைத்து, குறைந்தது ஏழு நாள் நனைக்கவும்.

இங்கே சுண்ணாம்புக்கு நேர் எதிர் விதி. கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் நுழையாதபடி வெளிமுகத்தை அடைப்பது சரி. அதே பூச்சைக் கொட்டாரத்துச் சுவரில் அடித்தால் அதை மூச்சுமுட்ட வைக்கிறோம். ஒரே வளாகத்துக்கு ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே பெயின்ட் டப்பா என்று போகும்போது இந்தத் தவறு தானாக நடந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி வேலைப் பட்டியல் எழுதுவது ஒன்றே காப்பு.

## இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன

கடலோரக் கட்டடங்களை ஏன் யாரும் இடிப்பதில்லை என்பதற்கு விடை 1991 பிப்ரவரி 19-ல் இருக்கிறது. அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயரலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டரை விதிக்குள் கொண்டுவந்தது. அதிகம் கட்டடம் எழாத கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானமே கூடாது என்றது. முன்பே அனுமதியோடு நின்ற கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், ஆனால் இருக்கும் அடித்தளப் பரப்புக்கும் தளப்பரப்புக்கும் மேலே போகக்கூடாது. 2011-லும் 2019-லும் விதிகள் திருத்தப்பட்டன. எண்கள் சில மாறின, தடை என்ற எலும்பு அப்படியே இருக்கிறது.

1970-களில் கட்டியவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்று அதே இடத்தில் அதே கட்டடத்துக்கு விண்ணப்பம் போட்டால் எளிதில் கிடைக்காது. நிற்கும் கட்டடத்தின் மதிப்பு அதன் கல்லிலும் கம்பியிலும் மட்டும் இல்லை, அது அங்கே நிற்கும் அனுமதியிலும் இருக்கிறது. கல்லைக் கெடுத்து, பாதுகாப்பில்லை என்று இடிக்கும் நிலைக்குக் கொண்டுபோனால் அனுமதியும் கல்லோடு போகலாம்.

நம் கரையில் 1991-க்கு முன் கட்டிய வீடு வைத்திருப்பவர்கள் பழுதுபார்க்கத் தொடங்குமுன் மூன்று காகிதங்களை எடுத்து வைக்க வேண்டும்: கட்டட அனுமதி நகல், பழைய வீட்டுவரி ரசீது, அடித்தளத்தின் அளவு காட்டும் வரைபடம். பிறகு, கொத்தனார் முதல் பூச்சை உடைக்குமுன், நான்கு மூலையும் தெரியும்படி தேதி விழும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுவர் முன்பே இருந்தது, எது புதிதாக நீட்டியது என்று அதிகாரி கேட்கும் நாளில் கையில் இருக்க வேண்டியது அதுதான்.